‘யார் சொல்லி வந்தே தம்பி?’



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத் தோழர்கள், "கவிதை போதும்டா, நிறைய வந்துடுச்சு. ஏதாவது உருப்படியா எழுது" என்றார்கள். உருப்படியான விஷயம் எது என்று யோசித்தபோது என் கண் முன்னால் வந்து நின்றது ஒரு பிளாஸ்டிக் கவர்தான். அதற்குள் ஒரு போனஃபைடு சர்டிபிகேட், துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம், ஜெராக்ஸ் எடுத்த பத்து பயோடேட்டா. அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என் நண்பன் உட்கார்ந்திருந்தான். போன வருஷம் மே மாதம். வெயில் எப்படி இருந்தது என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் என் பெஞ்ச். ஊர் துறையூர் தாண்டி ஒரு கிராமம். படிப்பில் என்னைவிட ஒரு படி மேல். எனக்கு ஒரு அரியர் உண்டு, அவனுக்கு இல்லை. இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு இடம் தேடி ஆறு நாள் அலைந்தான். காலையில் துறையூர் பஸ்ஸில் சத்திரம் வருவான். இங்கிருந்து துவாக்குடி பஸ். ஒருநாள் அரியமங்கலத்தில் இறங்குவான், ஒருநாள் திருவெறும்பூரில், ஒருநாள் கடைசி ஸ்டாப்பில். ஒவ்வொரு கேட்டிலும் செக்யூரிட்டி கேட்டது ஒரே கேள்வி:

"யார் சொல்லி வந்தே தம்பி?"

"யாரும் சொல்லலைங்க. காலேஜ்ல லெட்டர் கொடுத்திருக்காங்க."

"லெட்டரைக் கொடுத்துட்டுப் போ. கூப்பிடுவாங்க."

கூப்பிடவே இல்லை. ஆறாவது நாள் ஒரு இடத்தில் ஒருவர் மட்டும் தனியாக அழைத்துப் போய்ப் பேசினாராம். "நீ வரவே வேண்டாம்ப்பா. காசைக் கட்டு, சர்டிபிகேட் வாங்கிட்டுப் போ." அந்தக் காசு அவனிடம் இல்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டான், அவன் சுபாவம் அப்படி.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். எனக்கு இடம் ஒரே போனில் கிடைத்தது. என் மாமாவும் அந்தக் கம்பெனி சூப்பர்வைசரும் ஒன்றாகப் படித்தவர்கள். "நம்ம பையன்தான், பார்த்துக்க" என்று மாமா சொன்னார். முடிந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து சத்திரம் வந்து, இன்னொரு பஸ் மாறி, திங்கட்கிழமை காலை எட்டரைக்கு கேட்டில் நின்றேன். செக்யூரிட்டி அதே கேள்வியைக் கேட்டார். நான் சூப்பர்வைசர் பெயரைச் சொன்னேன். கதவு திறந்தது.

அன்று சாயங்காலம்தான் சத்திரத்தில் அவனைப் பார்த்தேன். "உனக்கு எங்கடா கிடைச்சது?" என்று கேட்டான். சொன்னேன். "நல்லதுடா" என்றான். அந்த "நல்லதுடா" இன்னும் என் காதில் இருக்கிறது.

இது அவன் ஒருத்தன் கதையா?

நம் வகுப்பில் அறுபது பேர் என்றால் எத்தனை பேருக்கு மாமா இருக்கிறார்? அப்பா வயலிலும் கொத்து வேலையிலும் இருக்கிற வீட்டிலிருந்து வந்தவன் எந்த சூப்பர்வைசர் பெயரைச் சொல்வான்? நம்மில் பலர் வீட்டில் தொழிற்சாலை கேட்டைத் தாண்டி உள்ளே போகப் போகிற முதல் ஆள் நாம்தான். அப்பேர்ப்பட்டவனிடம் "யார் சொல்லி வந்தே?" என்று கேட்டால் என்ன அர்த்தம்? "உனக்கு முன்னால் உன் வீட்டிலிருந்து யாராவது உள்ளே வந்திருக்கிறார்களா?" என்று அர்த்தம். வந்தவன் வீட்டுப் பிள்ளை மறுபடி வருவான். வராதவன் வீட்டுப் பிள்ளை மறுபடியும் வெளியேதான் நிற்பான்.

வகுப்புத் தோழிகள் நிலைமை இன்னும் மோசம். ஒருத்திக்கு சிபாரிசு இருந்தும் கிடைக்கவில்லை. "ஷாப் ஃப்ளோர்ல லேடீஸ் வேண்டாம்மா, ஆபீஸ்ல ஃபைல் பார்க்கிறியா?" என்றார்களாம். அவள் லேத்தில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவள்!

ரெண்டு வாரப் பயிற்சிதானே, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். படிப்பு முடிந்து முதல் இன்டர்வியூவுக்குப் போகும்போது கேட்கிற முதல் கேள்வி "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்பதுதான். ரெண்டு வாரமோ ஒரு மாசமோ, ஒரு தொழிற்சாலையின் ஓசைக்குள் நின்றவன் பேசுகிற பேச்சே வேறு. என் நண்பன் அந்த லீவில் துறையூரில் ஒரு டூ வீலர் மெக்கானிக் கடையில் வேலை பார்த்தான். இன்ஜினைப் பிரித்து மாட்டுவதில் இன்று எங்கள் வகுப்பில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் அந்தக் கடைக்கு லெட்டர்பேடு கிடையாது. ஃபைலில் வைக்க அவனிடம் ஒரு காகிதம் இல்லை. நான் முதல் வாரம் முழுக்க ஸ்டோர்ஸில் போல்ட் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குக் காகிதம் இருக்கிறது.

நியாயமான முறை நமக்குப் புதிதா?

"உலகம் அப்படித்தாங்க, சிபாரிசு இல்லாம எது நடக்குது?" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊரிலேயே, நம் கண் முன்னாலேயே வேறு விதமாக நடந்த காரியங்கள் இருக்கின்றன.

முதலில் கவுன்சலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 முதல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறையை நடத்தியது. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் காலி என்று எல்லோரும் பார்க்கும்படி திரையில் போட்டார்கள். தரவரிசைப்படி கூப்பிட்டார்கள். பிடித்த இடத்தைப் பிள்ளையே எடுத்துக்கொண்டது. மார்க், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாக இருந்தால் கடைசியில் ரேண்டம் எண் வைத்து வரிசை. 2018ல் அதே முறை ஆன்லைனுக்குப் போனது. டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்கிற நம் சீனியர்களுக்கும் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி கவுன்சலிங் நடத்தி வந்திருக்கிறது. குறை இல்லாத முறை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் "யார் சொல்லி வந்தே?" என்று கேட்பதில்லை. "உன் ரேங்க் என்ன?" என்றுதான் கேட்கிறார்கள்.

ரெண்டாவது, ரயில்வே. 1928ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த பணிமனை நம் ஊரின் அடையாளம். ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கும்போது தெற்கு ரயில்வே அறிவிப்பு வெளியிட்டு, பத்தாம் வகுப்பு மார்க்கையும் ஐ.டி.ஐ. மார்க்கையும் சராசரி போட்டுப் பட்டியல் எடுத்திருக்கிறது. எழுத்துத் தேர்வோ நேர்முகமோ இல்லை. அந்த விதி சரியா தப்பா என்று வாதாடலாம். விதி என்ன என்று முன்கூட்டியே தெரிவதால்தான் வாதாடவாவது முடிகிறது.

மூன்றாவது, ஒரு வழக்கு. 1996ல் ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்ட எக்சைஸ் சூப்பரின்டென்டென்ட் சம்பந்தப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிய பெயர்களை மட்டும் பார்த்து அரசு வேலைக்கு ஆள் எடுத்தால் போதுமா என்பது கேள்வி. போதாது என்றது நீதிமன்றம். பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும், அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டவோ வானொலி, டி.வி.யில் சொல்லவோ வேண்டும், வருகிற எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. நண்பர்களே, நாட்டின் உச்ச நீதிமன்றமே நோட்டீஸ் போர்டின் அருமையைப் பேசியிருக்கிறது! நம் காரிடாரில் இருக்கிற நோட்டீஸ் போர்டில் போன வருஷத்து ஸ்போர்ட்ஸ் டே படம்தான் இன்னும் தொங்குகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

படிப்பு முடிந்த பிறகு நமக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அது 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம். 1973 திருத்தத்தில்தான் டிகிரி, டிப்ளமோ படித்தவர்கள் அதற்குள் வந்தார்கள். 2019ல் திருத்திய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனம், ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்கக் கடமைப்பட்டது. டிப்ளமோக்காரருக்குக் குறைந்தது மாதம் 8,000 ரூபாய் என்றும், அதில் பாதியை மத்திய அரசு திருப்பிக் கொடுக்கும் என்றும் வைத்தார்கள். சென்னை தரமணியில் இருக்கிற தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் இதைப் பார்த்துக்கொள்கிறது. மூன்றாம் ஆண்டு நண்பர்கள் ரிசல்ட் வந்ததும் அங்கே பதிவு செய்ய மறக்காதீர்கள்.

2024 அக்டோபரில் மத்திய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியது. முன்னணி 500 கம்பெனிகளில் ஒரு வருஷப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனால் தொடங்கியபோது வைத்த வயது வரம்பு 21 முதல் 24. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவருக்கு இடமில்லை என்றார்கள். பத்தாவது முடித்து டிப்ளமோ சேர்ந்தவனுக்குப் படிப்பு முடியும்போது வயது பதினெட்டோ பத்தொன்பதோதான். இலை போட்டாச்சு, ஆனால் நாம் பந்தியில் உட்கார இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது என்ற கதை!

இந்த ரெண்டும் படிப்பு முடிந்த பிறகு வருபவை. நாம் லீவில் போகிற ரெண்டு வார, ஒரு மாதப் பயிற்சிக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. கடிதத்தைக் கொடுத்து "போய்த் தேடிக்கோ" என்று அனுப்பிவிடுகிறோம். அதே துவாக்குடி ரோட்டில் என்.ஐ.டி. இருக்கிறது. அங்கே கோடைப் பயிற்சிக்கு ஆள் எடுக்கக் கம்பெனிகள் தேடி வந்து பரீட்சை வைக்கின்றன. அவர்கள் உழைத்துப் படித்தவர்கள், எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அதே பஸ்ஸில் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு போகிற நமக்கு ஏன் ஒரு முறையும் இல்லை?

மறுப்பு சொல்பவர்களுக்கு

இதை நண்பர்களிடம் சொன்னபோது மூன்று மறுப்பு வந்தது.

ஒன்று: "கம்பெனி அவங்களோடது, மெஷின் அவங்களோடது. யாரை எடுக்கணும்னு நாம எப்படிச் சொல்றது?" உண்மைதான். சின்னப் பட்டறைக்காரர்களின் கஷ்டமும் நமக்குத் தெரியும். பெல் ஆர்டரை நம்பி நம் ஊரில் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளில் பல, ஆர்டர் குறைந்த பிறகு மூடிக் கிடந்ததைப் பஸ் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறோம். அவர்கள் பயம் நியாயமானது. பையன் மெஷினில் கையை விட்டுவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால்தான் தெரிந்தவர் வீட்டுப் பையனாக இருந்தால் பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். அந்தப் பயத்தை நாம் போக்கினால் போதும். கல்லூரி விபத்துக் காப்பீடு எடுத்து, சேஃப்டி ஷூவும் ஹெல்மெட்டும் மாட்டி, "இந்தப் பையனுக்கு வெர்னியர் பார்க்கத் தெரியும், டிராயிங் படிக்கத் தெரியும், சோதித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம்" என்று எழுதிக் கொடுத்தால் மாமா சொல்வதைவிட அது பெரிய சிபாரிசு இல்லையா?

ரெண்டு: "அப்போ மார்க் பார்த்துக் கொடுத்துடலாமே?" மார்க் மட்டும் போதாது. அரியர் வைத்தவனுக்குத்தான் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டிய தேவை அதிகம் என்று நான் நினைக்கிறேன் (சொந்த அனுபவம்!). பயிற்சி என்பது பரிசு இல்லை, பாடம். கேட்கிற எல்லோருக்கும் ஓரிடம் கிடைக்க வேண்டும். யார் முதலில் எடுத்துக்கொள்வது என்பதற்கு மட்டும்தான் வரிசை வேண்டும்.

மூன்று: "நம்ம ஊர்ல யாரும் ஆள் பார்த்து எடுக்கிறதில்லப்பா, திறமை இருந்தா தானா வரும்." இதற்கு நான் பதில் சொல்வதைவிட ஓர் ஆய்வு பதில் சொல்லும். சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு அறிஞர்கள் பத்திரிகையில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. ஒன்றில் மேல்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. 2007ல் வெளியான முடிவு இது. இத்தனைக்கும் யாரும் யாரையும் நேரில் பார்க்கவில்லை. காகிதத்தில் இருந்த பெயரே கேட்டை மூடிவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

குறை சொல்லி முடித்துவிட்டால் அது சங்கத்து மலர்க் கட்டுரை ஆகாது. செலவில்லாத ஒரு யோசனை சொல்கிறேன். நோட்டீஸ் போர்டில் மூன்று காகிதம். அவ்வளவுதான்.

முதல் காகிதம், இடப் பட்டியல். ஜனவரியிலேயே சங்கமும் துறை ஆசிரியர்களும் சேர்ந்து யூனிட்டுகளுக்குக் கடிதம் எழுத வேண்டும், நேரிலும் போக வேண்டும். ஒரு யூனிட்டுக்கு ரெண்டே இடம் கேட்போம். 25 யூனிட் சம்மதித்தால் 50 இடம். எந்த இடம், எந்த வேலை, எந்த பஸ், மதியச் சாப்பாடு உண்டா, பெண்களுக்குக் கழிப்பறை வசதி உண்டா என்பதெல்லாம் பட்டியலில் வர வேண்டும்.

ரெண்டாவது காகிதம், விதி. துறைவாரியாக அரைமணி நேரச் செய்முறைச் சோதனை. மெக்கானிக்கல் என்றால் அளவெடுப்பதும் டிராயிங் படிப்பதும், எலக்ட்ரிக்கல் என்றால் ஒரு கனெக்‌ஷன், கம்ப்யூட்டர் என்றால் ஒரு சின்ன புரோகிராம். எல்லோருக்கும் ஒரே கேள்வி. தாளில் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர் மட்டும். சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல். கேட்ட எல்லோருக்கும் ஓரிடம் கிடைக்கும்வரை ஒருவருக்கு ரெண்டு இடம் கிடையாது. விதியைச் சோதனைக்கு முன்னால் ஒட்ட வேண்டும், பின்னால் அல்ல.

மூன்றாவது காகிதம், முடிவு. யாருக்கு எந்த இடம் என்று பெயர் போட்டு எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும். கேள்வி கேட்க மூன்று நாள் அவகாசம். பயிற்சி முடிந்து வந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன கற்றுக்கொடுத்தார்கள்? போல்ட் எண்ண வைத்தார்களா? காசுக்கு சர்டிபிகேட் விற்கிற இடம் இருந்தால் அடுத்த வருஷப் பட்டியலில் அதன் பெயர் இருக்கக் கூடாது. லெட்டர்பேடு இல்லாத நல்ல மெக்கானிக் கடையில் கற்றவனுக்கு நம் ஆசிரியரே நேரில் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும்.

அப்படியானால் மாமாக்கள்? மாமாக்களை விரோதிக்க வேண்டாம். அவர்கள் மனசு நல்லது. என் மாமா போன் பண்ணியிருக்காவிட்டால் அந்தக் கம்பெனி யாரையுமே எடுத்திருக்காது. அதனால் ஒரு சின்ன ஏற்பாடு. உங்கள் மாமாவோ சித்தப்பாவோ இடம் வாங்கிக் கொடுத்தால், "ரெண்டு இடமா கேளுங்க" என்று சொல்லுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று நோட்டீஸ் போர்டுக்கு. ‘அந்த ஒரே இடத்தையும் போர்டில் போடு’ என்று போன வருஷம் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? சத்தியமாகத் தெரியாது. ஆனால் ரெண்டு கேட்டிருக்க முடியும். கேட்கத் தோன்றவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இந்த வருஷம் மாமாவிடம் கேட்டுவிட்டேன். "யாருக்குடா இன்னொண்ணு?" என்றார். "தெரியாது மாமா, லிஸ்ட்ல யார் வர்றாங்களோ அவங்களுக்கு" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "சரி, கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார். ஆக, முதல் காகிதத்துக்கு முதல் வரி தயார். மீதி 49ஐ நாம் சேர்ந்துதான் தேட வேண்டும். சங்கத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிற அண்ணன்மார்களே, கேன்டீன் டீ விலையோடு சேர்த்து இதையும் உங்கள் வாக்குறுதியில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால் மட்டும் போதாது, ஜனவரியில் எங்களோடு துவாக்குடி பஸ் ஏறுங்கள்.

நம்மில் பாதிப் பேர் தினமும் சத்திரத்தில் இறங்கித்தான் பஸ் மாறுகிறோம். லால்குடி, முசிறி, துறையூர், ஸ்ரீரங்கம் என்று நாலா பக்கமிருந்தும் வருகிறவர்கள் அங்கேதான் ஒன்றாகிறோம். அடுத்த மே மாதம் அங்கே ஒரு ஜூனியர் பிளாஸ்டிக் கவரோடு தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. அவன் துவாக்குடி பஸ் ஏறி, கேட்டில் போய் நின்று, செக்யூரிட்டி "யார் சொல்லி வந்தே தம்பி?" என்று கேட்டால், தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும்:

"எங்க காலேஜ் நோட்டீஸ் போர்டு சொல்லி வந்தேங்க!"

என்றும் உங்கள் தோழன்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை